பத்துக் குறிப்புகளால் தூக்கம் வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் தூக்கமின்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம், செல்பேசியைத் தள்ளி வையுங்கள், வெதுவெதுப்பான பால் குடியுங்கள், அறை இருட்டாக இருக்கட்டும் எனப் பத்துக் குறிப்புகள் அதில் இருந்தன. எதுவும் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவருக்கு இந்தப் பத்தும் சேர்ந்தால்கூட சிகிச்சை ஆகாது. தூக்க ஆய்வுகளில் இந்தக் குறிப்புகளுக்கு உள்ள இடமே வேறு. நிஜமான சிகிச்சை எவ்வளவு பலன் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சிகிச்சை பெறாத தரப்பினர் கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் அது.

2023-ல் லான்செட் இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 642 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் நல்ல தூக்கப் பழக்கங்கள் பற்றிய குறிப்பேடு கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும், சாதாரண மருத்துவ நிலையத்துச் செவிலியர் நான்கு சிறு அமர்வுகளில் 'படுக்கை நேரத்தைச் சுருக்கும்' முறையைச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் செவிலியர்கள் தூக்க நிபுணர்கள் அல்லர். இதற்காகச் சுருக்கமான பயிற்சி பெற்றவர்கள். ஆறு மாதம் கழித்து, 28 மதிப்பெண் கொண்ட தூக்கமின்மை அளவுகோலில் குறிப்பேடு மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 13.9-ல் நின்றார்கள்; செவிலியரிடம் கற்றவர்கள் 10.9-க்கு இறங்கியிருந்தார்கள். (இந்த அளவுகோலில் எண் குறைந்தால் நல்லது.) அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பழக்கக் குறிப்புகளைத் தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. அதைக் கொடுத்துப் பலன் காணாதவர், 'எனக்கு எதுவும் உதவாது' என்ற முடிவோடு மாத்திரைக் கடைக்குப் போகிறார். குறிப்புகளால் வரும் கெடுதல் இதுதான்.

2024-ல் 241 ஆய்வுகளை, 31,452 பேரின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்து, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (மருந்தில்லாமல் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் முறை) எந்தெந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். படுக்கை நேரத்தைச் சுருக்குவது, படுக்கையைத் தூக்கத்தோடு மட்டும் இணைப்பது, தூக்கம் பற்றிய எண்ணங்களைச் சீர்செய்வது ஆகியவை நின்றன. பழக்கக் குறிப்புகள் நிற்கவில்லை. பலரும் வியப்படையும் செய்தி, தளர்வுப் பயிற்சி உதவாததோடு சற்றே கெடுக்கவும் கூடும் என்று அந்தக் கணக்கு காட்டியதுதான். யோசித்தால் வியப்பில்லை. தூங்குவதற்காக மூச்சை எண்ணுபவர், எண்ணிக்கொண்டே 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று தூக்கத்தின் வாசலில் காவல் நிற்கிறார். காவலாளி தூங்க முடியாது.

சில இரவுகள் தூக்கம் கெடுவது நோயல்ல. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது, தூங்க வாய்ப்பும் நேரமும் இருந்தும் தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ, அதனால் பகலும் பாழானால்தான் அது தூக்கமின்மைக் கோளாறு. அமெரிக்க உளவியல் நிபுணர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இன்றும் அதுதான் சிகிச்சையின் அடித்தளம். சிலருக்கு இயல்பிலேயே மென்மையான தூக்கம். அதன்மேல் ஒரு சாவு, ஒரு கடன், ஒரு அறுவைச் சிகிச்சை வந்து விழும்போது தூக்கம் கெடுகிறது. காரணம் தீர்ந்த பிறகும் தூக்கமின்மை மட்டும் போகாமல் நிற்பது ஏன்? விட்ட தூக்கத்தைப் பிடிக்க நாம் செய்யும் காரியங்களால். முன்கூட்டியே படுப்பது, விடிந்தும் எழாமல் புரள்வது, மதியம் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்வது. தூக்கம் என்பதும் ஒருவகைப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து அந்தப் பசியை ஏற்றுகிறது. (காபி அந்தப் பொருள் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, பசி தீர்வதில்லை, தெரியாமல் போகிறது.) மதியத் தூக்கமும், எட்டு மணிக்கு டி.வி. முன்னால் சாய்ந்தபடி போடும் குட்டித் தூக்கமும் சாப்பாட்டுக்கு முன் கொறிக்கும் நொறுக்குத் தீனி. பிறகு இலை போட்டு உட்கார்ந்தால் பசி எங்கிருந்து வரும்?

ஆகவே சிகிச்சை, கேட்பவர் காதுக்குத் தலைகீழாகப் படும்: தூக்கம் வராதவரைக் குறைவான நேரம் படுக்கச் சொல்வது.

முதலில் இரண்டு வாரம், குறைந்தது ஒரு வாரம், தூக்க நாட்குறிப்பு. காலையில் எழுந்ததும் உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் கடிகாரம் பார்த்து எழுதக் கூடாது. பார்த்தால் நாட்குறிப்பே நோயை வளர்க்கும். உதாரணத்துக்கு ஒருவர் இரவு 9.30-க்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் எட்டரை மணி நேரம், அதாவது 510 நிமிடம். தூக்கம் வர ஒரு மணி நேரம், நடுவில் விழித்துக் கிடந்தது ஒரு மணி நேரம், ஐந்து மணிக்கு விழித்த பிறகு எழாமல் புரண்டது ஒரு மணி நேரம். மூன்றையும் கழித்தால் தூங்கியது 330 நிமிடம், ஐந்தரை மணி நேரம். 330-ஐ 510-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 65 சதவீதம். ஆரோக்கியமான தூக்கத்தில் இது 85-க்கு மேல் இருக்கும்.

அவருக்குப் படுக்கையில் இனி ஐந்தரை மணி நேரம்தான் அனுமதி. எழும் நேரத்தை முதலில் நிர்ணயிக்க வேண்டும். ஆணி அடிப்பது அங்கேதான். 5.30 என்று வைத்தால், படுப்பது நள்ளிரவு 12-க்கு. ஞாயிறும் 5.30, முகூர்த்த நாளும் 5.30, முந்தின இரவு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாவிட்டாலும் 5.30. நாட்குறிப்பு மூன்று மணி நேரம்தான் தூங்கியதாகக் காட்டினாலும், படுக்கை நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை சதவீதத்தைப் பார்க்க வேண்டும். 90-ஐத் தாண்டியிருந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவரலாம். 85-க்கும் 90-க்கும் இடையில் இருந்தால் அப்படியே விட வேண்டும். 85-க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறைக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லைகளை ஐந்து புள்ளி தளர்த்துவது வழக்கம். மேலே சொன்னவர் முதல் வாரம் ஐந்தரையில் ஐந்து மணி நேரம் தூங்கினால் 91 சதவீதம். அடுத்த வாரம் 11.45-க்குப் படுக்கலாம். தொடர்ந்து நான்கு வாரம் இப்படிக் கூடினால் படுக்கையில் ஆறரை மணி நேரம். பகலில் தெம்பாக இருக்கும் புள்ளி எதுவோ, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் என்பது எல்லோருக்கும் எழுதிவைத்த விதியல்ல.

இதோடு சேர்ந்தது, அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் வகுத்த முறை. தூக்கம் வந்தால் மட்டுமே படுக்க வேண்டும். படுத்துச் சுமார் கால் மணி நேரம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும். மறுபடி கண் சொருகும்போது திரும்ப வேண்டும். தேவைப்பட்டால் ஓர் இரவில் ஐந்து முறையானாலும் சரி. படுக்கையில் சாப்பாடு, கணக்கு வழக்கு, செல்பேசி எதுவும் கூடாது. களைப்பும் தூக்கமும் ஒன்றல்ல என்பதை இங்கே விளக்கியே ஆக வேண்டும். உடல் அசந்திருப்பது களைப்பு. இமை தானாக மூடுவதும், படித்த வரியையே திரும்பப் படிப்பதும்தான் தூக்கம். களைப்பை நம்பிப் படுத்தவர் விழித்துக் கிடப்பார்.

மேலைநாட்டுக் கையேடுகள் 'படுக்கையறையை விட்டு வெளியே போங்கள்' என்கின்றன. நான்கு பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் வெளியே எங்கே போவது? இதைச் சொல்லியே நம் ஊரில் இந்தச் சிகிச்சை நடக்காது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. விழித்துக் கிடக்கும் பழக்கத்தின் இணைப்பை அறுக்க வேண்டியது அறையோடு அல்ல, படுக்கையோடு. கட்டிலைச் சுருட்ட முடியாது. பாயைச் சுருட்ட முடியும். எழுந்து, பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்தால் போதும். பகலில் அந்தப் பாயும் தலையணையும் கண்ணில் படவே கூடாது. கட்டில்தான் உண்டு என்றால், ஒரு நாற்காலியைக் கட்டிலுக்கு முதுகு காட்டிப் போடலாம்.

ஒன்பதரைக்குப் படுத்துப் பழகியவர் நள்ளிரவு வரை என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு முன்பே விடை வைத்திருக்காவிட்டால் முதல் இரவே முயற்சி முறியும். துணி மடிப்பது, பூக் கட்டுவது, மறுநாளுக்குக் காய் ஆய்ந்து வைப்பது, பழைய ஒளிப்படங்களை அடுக்குவது என்று கை வேலையாக இருப்பது நல்லது. சாய்ந்து உட்கார்ந்து டி.வி. பார்ப்பது ஆகாது, பத்தரைக்கே தலை சாய்ந்து, சேர்த்த பசியெல்லாம் போய்விடும். கடைசி ஒரு மணி நேரம்தான் ஆபத்தானது. அப்போது நின்றுகொண்டு செய்யும் வேலை உத்தமம்.

தவறுகள் நடக்கும் இடங்கள் பழகியவர்களுக்குத் தெரியும். முதல் பத்து நாள் நிலைமை மோசமாகும்; பகலில் தலை கனக்கும், எரிச்சல் வரும். இதை முன்கூட்டிச் சொல்லாத சிகிச்சையாளரிடம் நான்காம் நாளே, 'இருந்த தூக்கமும் போச்சு' என்று சொல்லி நோயாளி நின்றுவிடுவார். அந்தத் தலைக்கனம்தான் மருந்து என்று சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டார். அடுத்தது வீட்டார். 'உடம்பு முடியாதவரை நடுராத்திரி வரை உட்கார வைக்கிறார்களே' என்று அக்கறையோடு பாய் விரித்துக் கொடுப்பார்கள். முதல் அமர்விலேயே வீட்டில் ஒருவரை உடன் உட்கார வைத்தால் இது பாதி குறையும். மூன்றாவது, நல்ல வாரம் ஒன்று வந்ததும் ஒரேயடியாக ஒரு மணி நேரம் முன்னே படுப்பது. கலையும் தூக்கம் அப்படியே திரும்பும். கால் மணி நேரத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது கஞ்சத்தனம் அல்ல. கைக்கடிகாரத்தில் தூக்கம் அளக்கும் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அவை காட்டும் எண்ணை நம்பிக் கவலைப்படுபவர்கள் பெருகிவிட்டார்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் அதைக் கழற்றி வைப்பதே மேல்.

முதியவர் விஷயத்தில் பல நேரம் சிகிச்சையே தேவைப்படாது, கணக்கு போதும். எட்டரை மணிக்குப் படுத்துவிட்டு, 'மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது' என்பவர் ஆறரை மணி நேரம் தூங்கி முடித்துவிட்டார். அந்த வயதுக்கு அது போதுமான தூக்கமே. அவருக்கு வேண்டியது மாத்திரை அல்ல, பத்து மணி வரை பேச்சுத் துணை.

எல்லோருக்கும் இந்த முறை பொருந்தாது; செய்தித்தாளில் எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது குற்றம். இருமுனைக் கோளாறு (மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவரின் தூக்கத்தைச் சுருக்கினால் மனவெழுச்சி கிளம்பலாம். வலிப்பு நோய் உள்ளவருக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும். தூக்கத்தில் நடப்பவருக்கும் அந்த நடை அதிகமாகலாம். பேருந்து, லாரி ஓட்டுபவர், உயரத்தில் ஏறி வேலை செய்பவர், இயந்திரத்தருகே நிற்பவர் ஆகியோர் விடுப்பில் இருந்தாலொழிய இதைத் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் முதல் சில வாரங்கள் வண்டி ஓட்டுவதைக் குறைக்க வேண்டும். தள்ளாத முதியவர் இரவில் எழுந்து உட்காரப்போய் விழுந்துவிடக் கூடாது. அவருக்கு ஒரேயடியாகச் சுருக்குவதற்குப் பதில் கால் மணி கால் மணியாக மெல்லக் குறைக்கும் வழி இருக்கிறது. பலத்த குறட்டை, குறட்டை நடுவே மூச்சு நின்று திணறுவது, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவது என்றால் அது வேறு நோய்; தூக்கத்தில் மூச்சுத் தடைக்கான பரிசோதனை முதலில் வேண்டும். மாலையானால் காலில் இனம்புரியாத குடைச்சல், நடந்தால்தான் அடங்குகிறது என்று சொல்லும் பெண்களுக்கு இரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு நம் பெண்களிடம் எவ்வளவு பரவலோ, அவ்வளவு எளிதில் இந்தக் 'கால் குடைச்சல்' தூக்கமின்மை என்ற பெயரில் மறைந்துபோகிறது. இரவில் நீர் பிரிய வைக்கும் மாத்திரை, மாலையில் விழுங்கும் ஸ்டீராய்டு, கட்டுப்படாத சர்க்கரையால் நான்கு முறை எழுவது ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மது குடித்துத் தூங்குபவருக்குத் தூக்கம் சீக்கிரம் வருவது உண்மைதான். பின்னிரவில் அதே மது அதைக் கிழித்துப் போடுவதும் உண்மை.

இனி மாத்திரை. அல்பிராசோலம், டயஸிபாம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் 'எச் 1' அட்டவணையின் கீழ் வருகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் பெயர், எழுதிக்கொடுத்த மருத்துவர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டையே வருடக்கணக்கில் காட்டி வாங்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு என்பது வாசகர்கள் அறியாததல்ல. ஒரு கடுமையான வாரத்தைக் கடக்க மாத்திரை உதவும். மாதங்கள் ஆனால் உடல் பழகிக்கொள்ளும், முதியவர் இரவில் தடுமாறி விழுவார். அதற்காக இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இன்றிரவே யாரும் நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும். வலிப்பு வரவும் வாய்ப்புண்டு. எழுதிக்கொடுத்த மருத்துவரின் மேற்பார்வையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை குறைத்துக்கொண்டே வர வேண்டும். கனடாவில் சார்லஸ் மோரன் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலம் தூக்க மாத்திரைக்குப் பழகிப்போன 76 மூத்தவர்களில் மெல்லக் குறைப்பதை மட்டும் செய்தவர்களில் 48 சதவீதம் பேர் மாத்திரையிலிருந்து விடுபட்டார்கள். கூடவே மேற்சொன்ன சிகிச்சையும் பெற்றவர்களில் 85 சதவீதம். கையில் இருக்கும் ஊன்றுகோலைப் பிடுங்குவதற்கு முன் காலுக்குப் பலம் ஏற்ற வேண்டும் என்பதைத்தான் அந்த இடைவெளி சொல்கிறது.

இதை வெறும் தூக்கப் பிரச்சினையாக மனநல மருத்துவம் இப்போது பார்ப்பதில்லை. முன்பெல்லாம் தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறி, மனச்சோர்வு தீர்ந்தால் தானாகப் போய்விடும் என்றுதான் பாடம். 2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு அந்தப் பாடத்தை மாற்றி, வேறு நோய் உடன் இருந்தாலும் தூக்கமின்மையைத் தனிக் கோளாறாக எழுதச் சொன்னது. மனச்சோர்வு இல்லாமல் தூக்கமின்மை மட்டும் இருப்பவருக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று 2011-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. 2022-ல் வெளியான ஆய்வு ஒருபடி மேலே போனது. அறுபது வயதைத் தாண்டிய, தூக்கமின்மை உள்ள, அப்போது மனச்சோர்வு இல்லாத 291 பேரை இரு பிரிவாக்கி மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 12.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. மற்றப் பிரிவில் 25.9 சதவீதம். அந்த மற்றப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது என்ன? தூக்கம் பற்றிய அறிவுரை வகுப்பு. மறுபடியும் அதே துண்டுப் பிரசுரம்தான், சற்றுப் பெரிய எழுத்தில்.

சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் பெருநகரங்களை விட்டால் அரிது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-லேயே எல்லாப் பெரியவர்களுக்கும் முதல் சிகிச்சை இதுதான் என்று சொல்லிவிட்டது. நம்மிடம் முதல் சிகிச்சை இன்னும் மாத்திரைதான். ஆனால் இங்கிலாந்து ஆய்வு சொல்வது நிபுணர்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்களுக்கென்று செவிலியர் இருக்கிறார். அவருக்கு இரண்டு நாள் பயிற்சி, மேலே சொன்ன விலக்குகளைக் கேட்டறியும் ஒரு பக்கத் தாள், சிக்கலான நோயாளியை அனுப்ப மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர், இடையிடையே தொலைபேசியில் விசாரிக்கப் பத்து நிமிடம். புதுக் கட்டடமோ புது மருந்தோ இதற்கு வேண்டாம். தூக்கமின்மையோடு வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணமும் எட்டிப் பார்ப்பவர்கள் மட்டும் எந்த முறைக்கும் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்க வேண்டும்; எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை தூக்கம் பற்றி எழுதும்போது ஒரு கால் பக்கத்தை ஒதுக்கி, வெட்டி எடுத்துக்கொள்ளும்படி ஏழு நாள் கட்டம் ஒன்றை அச்சிடக் கோருகிறேன். ஒவ்வொரு நாளுக்கும் ஏழு பத்திகள் போதும்: படுத்த நேரம், தூக்கம் வர ஆன நிமிடங்கள், நடுவில் எத்தனை முறை விழிப்பு, மொத்தம் எத்தனை நிமிடம் விழித்திருந்தது, கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம், பகல் தூக்கம். கீழே ஒரு வரி: 'காலையில் மட்டும் நிரப்பவும்; இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம்.' அதை நிரப்பி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறவருக்கு, வெறுங்கையோடு போகிறவருக்குக் கிடைக்கும் அதே சீட்டு கிடைப்பது கடினம்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி